ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் இடைவெளி பாதியாகக் குறைந்த விதம்

1

கல்வியில் ஏற்றத்தாழ்வு என்பது சமுதாயத்தின் மார்பில் தைத்த ஈட்டி. அதைக் கோவில்பதாகைப் பள்ளியில் பதினோரே வாரத்தில் பிடுங்கி எறிந்தோம்.

இந்த இரண்டு வாக்கியங்களும் தமிழ்வாணன் வாட்ஸப்பில் அனுப்பியவை. அவர் ஓர் அறக்கட்டளையின் திட்ட ஒருங்கிணைப்பாளர். மீதியைக் கணக்கு டீச்சர் எழுத வேண்டும். நாலு மணிக்குள் வேண்டும். ‘வெற்றிக் கதை’ என்று ஆண்டு மலரில் வருமாம். கணக்கு டீச்சரின் பெயர் ஹேமாவதி. இதை எழுதுவதும் அவள்தான். தன்னையே ‘அவள்’ என்று எழுதிக்கொள்வதில் ஒரு சௌகரியம்: நடந்ததெல்லாம் வேறு யாரோ செய்த மாதிரி இருக்கும்.*

* எழுதுவது நீலப் பேனாவில். மூடியில் பல் பதிந்திருக்கிறது. ஹேமாவதிக்குப் பேனா கடிக்கும் பழக்கம் இல்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘ஏரிக்கு மேல் சூரியன் எழுந்ததுபோல் மாணவி ஜோதிகாவின் முகத்தில் அறிவின் ஒளி —’

வேண்டாம். ஜோதிகா முகத்தில் எப்போதும் தூக்கம்தான். விடியற்காலையில் தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை வைத்துவிட்டு வருகிறவள்.

இரண்டாம் முயற்சி: ‘இவ்வகுப்பில் இரு வகைப் பிள்ளைகள் —’

இது பரவாயில்லை. புது ஃப்ளாட்டுகளிலிருந்து வருபவர்களுக்குச் சாயங்காலம் டியூஷன் இருக்கிறது. பழைய தெருக்காரர்களுக்குச் சாயங்காலம் தம்பி தங்கைகள் இருக்கிறார்கள். இதைச் சரிசெய்ய அறக்கட்டளை நாற்பது தொப்பிகளும் ஒரு பேனரும் கொண்டுவந்தது.

தமிழ்வாணன் அகராதியில் இடைவெளி என்றால் வகுப்பின் முதல் மதிப்பெண்ணுக்கும் கடைசி மதிப்பெண்ணுக்கும் உள்ள தூரம். முதல் மதிப்பெண் தொண்ணூற்று நாலு. கடைசி, ஜோதிகாவின் பதினொன்று. அவளுக்கு முன்னால் இருக்கும் உதயகுமார் ஐம்பத்து மூன்று.

மீதியை வாசகர் போட்டுக்கொள்ளலாம். தமிழ்வாணன் ஒரு நிமிஷத்தில் போட்டுவிட்டார்.

3

“மேடம், ஒரே ஒரு பாப்பாவாலதான் நம்ம கிராஃப் படுத்துடுது. வெள்ளிக்கிழமை டெஸ்ட் வைக்க மேலேர்ந்து வர்றாங்க. அன்னிக்குப் பாத்து அதுக்கு ஒடம்பு சரியில்லாம போகக் கூடாதா?”

“நல்லாத்தானே சார் இருக்கா.”

“அதான் மேடம் பிரச்சினை.”

[இங்கே ஹேமாவதி கொதித்தெழுந்து நாலு கேள்வி கேட்டதாக ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். அடித்துவிட்டாள்.]

வியாழக்கிழமை ஜோதிகாவைக் கூப்பிட்டு, “நாளைக்கு ஊட்டுல ரெஸ்ட் எடுத்துக்கோம்மா” என்றாள். தெருக்காரப் பிள்ளைகளிடம் அவர்கள் மாதிரியே பேசினால் நெருக்கம் வரும் என்று அறக்கட்டளைப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை எட்டே முக்காலுக்கே ஜோதிகா வாசலில் நின்றாள்.

“ரெஸ்ட்லாம் வாணாம் மிஸ். பின்னம் இப்ப நல்லா வருது.”

இரண்டு வாரமாகத் தினமும் பள்ளி விட்டபின் அரை மணி உட்கார்ந்து போட்டுப் பழகியிருந்தாள். சொல்லிக்கொடுத்தது ஹேமாவதிதான். பின்னம் வந்துவிட்டதா இல்லையா என்பது இந்தக் கதைக்குத் தெரியாது. ஜோதிகா அன்று நூலகத்தில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு எண் ஒட்டினாள்.

பதிவேட்டில் ஆப்சென்ட். இடைவெளி எண்பத்து மூன்றிலிருந்து நாற்பத்தொன்று. எல்லோரும் தொப்பி போட்டுக்கொண்டு போட்டோ எடுத்தார்கள்.

ஒன்றை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டோம். ஆப்சென்ட் போட்டால் பத்து மணிக்கு வீட்டுக்குத் தானாகவே குறுஞ்செய்தி போய்விடும்.

4

இன்று திங்கட்கிழமை. ஆசிரியர் அறைக்கு வெளியே பெஞ்சில் கன்னியம்மா, ஜோதிகாவின் அம்மா, உட்கார்ந்திருக்கிறாள். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

“இன்னா டீச்சர், அன்னிக்கி இது இஸ்கூலுக்கு வந்துச்சா இல்லியா? அத்த மட்டும் சொல்லிடுங்க. போன்ல ஆப்சென்ட்னு கீது. இது இன்னாடான்னா லைப்ரரில குந்திகினு இருந்தேன்னுது. டீச்சரு பொய்யா போடுவாங்க, எவன்கூடடி சுத்துனேன்னு நாலு சாத்து சாத்திட்டேன்.”

“அடிச்சீங்களாம்மா?”

“பின்ன கொஞ்சுவாங்களா? வந்துச்சுன்னு சொல்லுங்க, நாளைலேர்ந்து ஒயுங்கா அனுப்பறேன். வர்லியா, எங்க கம்பெனிலயே டப்பா ஒட்ற வேலைல உட்டுட்றேன். என் கண்ணு முன்னாடியாவது இருக்கும்.”

“ஒரு நிமிஷம் இருங்க, ஒரு ரிப்போர்ட் முடிச்சிட்டு வந்துடறேன்.”

அது நாற்பது நிமிஷத்துக்கு முன்னால். அந்த ரிப்போர்ட்தான் இது. கன்னியம்மாவுக்குப் பக்கத்தில் ஜோதிகா. ஜன்னல் வழியாக மிஸ்ஸின் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

5

முடிவு அ: ஹேமாவதி வெளியே போய் “வந்தாள்” என்கிறாள். அப்படியானால் பதிவேடு பொய். பதிவேடு பொய்யென்றால் நாற்பத்தொன்று பொய், மலர் பொய், தொப்பிகள் மட்டும் நிஜம்.

முடிவு ஆ: “வரவில்லை” என்கிறாள். மலர் அச்சாகிறது. ஹேமாவதிக்குப் பொன்னாடை. ஜோதிகா டப்பா —

முடிவு இ (தமிழ்வாணன் பரிந்துரைத்தது): ஜோதிகா கலெக்டராகி, காரில் வந்து இறங்கி, டீச்சர் காலில் விழுகிறாள். அதற்கு அவள் முதலில் நாளைக்குப் பள்ளிக்கு வர வேண்டும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

மணி மூன்று ஐம்பது. அலுப்பாக இருக்கிறது. எந்த முடிவு என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களிடம் போய் அதைச் சொல்லவும் உங்களாலேயே முடிந்தால் இன்னும் நல்லது.

ஒரு விவரம் விடுபட்டுப்போனது. வெள்ளிக்கிழமை ஆப்சென்ட் போடும்போது ஹேமாவதியின் பேனா எழுதவில்லை. எதிரே நின்ற ஜோதிகாவிடம் வாங்கித்தான் போட்டாள். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.