இருபத்து மூன்று நாளாக நல்லா இருக்கு

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல, போனில் வந்தது. பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார்.

"லுவன், புத்தாண்டு மலருக்கு ஒரு கதை வேணும். சைகோன் வெயில்ல வெந்த ஒருத்தன் நம்ம மலையூர் தா லாத்துக்கு வர்றான். குளிர்ல நடுங்கிக்கிட்டே சூடா ஒரு கிண்ணம் பூன் போ நூடுல்ஸ் சாப்பிடுறான். சந்தோஷமா ஊர் திரும்புறான். அவ்வளவுதான்யா. வீட்டுலயே நூடுல்ஸ் கடை வெச்சிருக்கீங்க, உங்களுக்கு என்ன கஷ்டம்?"

என்ன கஷ்டமா? சொல்கிறேன். காய்ச்சல் வந்து போனதிலிருந்து எனக்கு மூக்கும் இல்லை, நாக்கும் இல்லை. இன்றோடு இருபத்து மூன்று நாள். மிளகாய் எரிகிறது, மற்றதெல்லாம் வெந்நீர். இது கடை நடத்தும் என் மனைவி தோவாவுக்குத் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தயவுசெய்து வாயை மூடிக்கொண்டிருங்கள்.

2

முதல் தொடக்கம் (சைகோன்காரனுக்குக் கியெம் என்று பெயர் வைத்தேன்):

[கியெம் கிண்ணத்தின் மேல் குனிந்தான். எலுமிச்சைப்புல் வாசம் முதலில் வந்தது. அதன் பின்னால் மாட்டெலும்பின் தித்திப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் இறால் விழுதின் அந்த]

அந்த... என்ன? வார்த்தை வந்து தொலைய மாட்டேன் என்கிறது.

இரண்டாவது:

[கியெம் குச்சிகளைக் காகிதத்தால் துடைத்தான். வாழைப்பூச் சீவலை அள்ளிப் போட்டான். எலுமிச்சை பிழிந்தான். முதல் வாய்]

முதல் வாய்க்கு மேல் அவன் நகரவில்லை. நான்கு நாளாக அந்த ஆள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறான். எனக்கே பரிதாபமாக இருக்கிறது. ஆனால் அவன் நாக்கில் என்ன வைப்பது? என்னிடம் சரக்கு இல்லையே!

3

"பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போயேன், இதில் என்ன இருக்கிறது?" என்கிறீர்கள். நீங்கள் பூன் போ விற்றதில்லை.

தோவா மூன்று மணிநேரம் பானைப் பக்கத்திலேயே நிற்பாள். ஆவியை இழுத்து இழுத்து விடியும்போது அவள் மூக்கு மரத்துப்போயிருக்கும். அவள் வைத்த சாற்றின் ருசி அவளுக்கே தெரியாது. அதனால் பதினொரு வருடமாக முதல் கரண்டி எனக்கு. நான் "உப்பு", "இறால் விழுது கம்மி" என்று ஏதாவது சொல்வேன். அவள் சரிசெய்வாள். நான் "நல்லா இருக்கு" என்ற பிறகுதான் கதவைத் திறப்பாள். குடும்பத்தில் நான் செய்யும் ஒரே உருப்படியான வேலை அது. கதை எழுதுவதை அவள் வேலையில் சேர்ப்பதில்லை.

(இந்த இடத்தில் ஒரு பாட்டில் வருகிறது, கவனியுங்கள். மேசை மேலிருக்கும் மீன் சாஸ். முன்பெல்லாம் ஒரு வாரம் வரும். இப்போது மத்தியானத்துக்குள் காலி. சாறு சப்பென்று இருக்கிறது போல, வாடிக்கைக்காரர்கள் தோவாவின் முகத்துக்கு அஞ்சி, அவள் திரும்பும் நேரம் பார்த்து ஊற்றிக்கொள்கிறார்கள். பூன் போ பிறந்த ஹுவே ஊர்க்காரி அவள்; அவள் முன்னால் சாஸ் பாட்டிலைத் தொடுவது அவளைக் கன்னத்தில் அறைவதற்குச் சமம். நான் மேசைக்கடியில் குனிந்து திருட்டுத்தனமாக நிரப்பி வைக்கிறேன். நாற்பத்தாறு வயதில் எனக்கு இது தேவையா?)

4

அப்புறம்தான் லியூ அக்கா வந்தாள். தோவாவின் உடன்பிறந்த அக்கா. ஹுவேயில் அப்பாவின் கடை அவள் கையில்தான் இருக்கிறது. தோவா என்னைக் கட்டிக்கொண்டு மலையேறியபோது, "அந்தக் குளிர்ல போய் நீ என்னத்தக் காய்ச்சுவே? வெந்நீர்தான் காய்ச்சுவே" என்று சொல்லி அனுப்பியவள். பதினொரு வருடம் பேச்சில்லை. சனிக்கிழமை எந்தச் சேதியும் சொல்லாமல் பஸ்ஸைவிட்டு இறங்கி, இரண்டு கோட்டு மாட்டிக்கொண்டு, "இந்த ஊர்ல மனுஷன் இருப்பானா?" என்றபடி வீட்டுக்குள் வந்தாள்.

நேற்று காலை தோவா கரண்டியை நீட்டினாள்.

"ஏங்க, இன்னிக்கு நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. அக்கா சாப்பிடப் போறா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சனியன் பிடித்த வாய், பழக்கத்தில் சொல்லிவிட்டது: "நல்லா இருக்கு."

லியூ அக்கா எலுமிச்சையைத் தொடவில்லை, வாழைப்பூவைத் தொடவில்லை. வெறும் சாற்றை ஒரு கரண்டி குடித்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். மேசை மேலிருந்த சாஸ் பாட்டிலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குடி," என்றாள். கிண்ணத்தை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். "அப்பா கைப்பக்குவம்."

தோவா அடுப்பு மறைவுக்குப் போய் அழுதாள். அவள் சந்தோஷத்தில் அழுது நான் பார்த்தது நேற்றுதான்.

கைகழுவும் இடத்தில் அக்கா என் சட்டையைப் பிடித்தாள்.

"தம்பி, எத்தனை நாளாச்சு?"

"என்னக்கா?"

"நடிக்காதீங்க. பதட்டத்துல இறால் விழுதே போட மறந்திருக்கா. குழந்தை கூடக் கண்டுபிடிக்கும். உங்க நாக்கு செத்து எத்தனை நாளாச்சு?"

சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்ப நீங்க ஏன்க்கா நல்லா இருக்குன்னீங்க?"

"பதினொரு வருஷம் கழிச்சு வந்து மறுபடியும் வெந்நீர்னு சொல்லச் சொல்றீங்களா? நாளைக்கு எனக்கு ஒன்பது மணி பஸ். அதுக்குள்ள உங்க நாக்கு விஷயத்தை நீங்களே சொல்லிடுங்க. இல்லாட்டி நான் சொல்லிட்டுத்தான் ஏறுவேன். கடை படுத்துடும்யா!"

5

முடிவுகள்.

அ) சொல்லிவிடுகிறேன். தோவா கெட்டிக்காரி, உடனே கணக்குப் போடுவாள்: 'அப்போ நேத்து சாறும் சரியில்லை. அப்போ அக்கா சொன்னதும் பொய்.' பதினொரு வருடம் காத்துக் கிடைத்த ஒரே ஒரு நல்ல வார்த்தையை நானே பிடுங்கிக்கொள்கிறேன்.

ஆ) சொல்லவில்லை. அக்கா சொல்கிறாள். மேற்படி விளைவு, கூடவே நான் கோழை என்ற பட்டம்.

இ) ஆசிரியர் கேட்கும் முடிவு. [சட்டென்று லுவனின் மூக்கில் எலுமிச்சைப்புல் வாசம் ஏறியது. கண்ணீர் அவன்] ஏறவில்லை ஐயா! இருபத்து மூன்று நாளாக முகர்ந்து பார்க்கிறேன்!

6

இப்போது காலை ஆறு. கடையின் மூலை மேசையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். லியூ அக்கா பையைக் கட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்து என்னையே முறைக்கிறாள். வெளியே பனியில் மூன்று பேர் கதவு திறக்கக் காத்திருக்கிறார்கள். தோவா கரண்டியோடு வந்துவிட்டாள். நேற்றிலிருந்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறாள்.

"எழுதினது போதும். இந்தாங்க, சொல்லுங்க."

என்னால் முடியாது. நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஆமாம், உங்களைத்தான். ஊதிக் குடியுங்கள். உப்பு சரியா? இறால் விழுது இருக்கிறதா?

என்ன முழிக்கிறீர்கள்? கியெம் கிண்ணத்தின் மேல் குனிந்தபோது எலுமிச்சைப்புல் வாசம் வந்ததென்று தலையாட்டினீர்களே! அது ஆறு வருடத்துக்கு முன் நான் எழுதிய வேறொரு கதையிலிருந்து எடுத்து ஒட்டியது. உங்களுக்கும் ஒரு மண்ணும் தெரியவில்லை, இல்லையா? காகிதத்தில் உங்கள் நாக்கும் என் நாக்கு மாதிரிதான்.

ஆனால் தோவா காத்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள். ஏதாவது சொல்லுங்கள்.