சாமிதுரைக்கு இரண்டு மூக்கு

ஜாவித் அந்தக் கேமராவை என் மேசைமேல் வைத்தபோது, ஏதோ பழைய பிலிம் கேமரா என்றுதான் நினைத்தேன். மேலே வெள்ளித் தகடு, சுற்றிலும் கறுப்புத் தோல், திருகுவதற்கு இரண்டு வட்டங்கள். ஆனால் உள்ளே போடுவது மெமரி கார்டு. பின்னால் படம் பார்க்கத் திரை கிடையாது. திரை இல்லாததற்கே விலை கூட என்று அவன் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜாவித் லப்பைக்குடிக்காட்டுக்காரன், துபாயில் வேலை. தங்கை ஆஃப்ராவின் நிக்காஹ்வுக்காக லீவில் வந்திருந்தான். நான் பெரம்பலூரில் இருபத்திரண்டு வருடமாக ஸ்டூடியோ நடத்துகிறேன். ஆண்கள் பக்கம் முழுவதையும் நான் இதில்தான் எடுக்க வேண்டும் என்றான்.

"அறிவரசண்ணே, உங்க பெரிய கேமராவ நீட்டுனா எங்க அத்தா வெறச்சிப் போயிடுவாரு. இதக் கேமரான்னே யாரும் மதிக்கமாட்டாங்க. அதான் வேணும். நிக்காஹ்வுக்குப் பத்து நாள் இருக்கு, வச்சிப் பழகுங்க."

பழகுவதில் என்ன இருக்கிறது என்று வாங்கிக்கொண்டேன். இதில் ஃபோக்கஸ் தானாக ஆகாது. கண் வைக்கும் சன்னலின் நடுவே ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதற்குள் எதிரே இருப்பவரின் முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நகர்ந்து ஒன்றாகும். ஒன்றானதும் அழுத்த வேண்டியதுதான்.

மறுநாள் ஒரு காதுகுத்துக்காக அரியலூர் போனேன். வேலையை என் கேமராவில் முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் நின்றபோது இதை வெளியே எடுத்தேன். டீ மாஸ்டர் சாமிதுரை எனக்குப் பழக்கம்.

"இதுக்கெல்லாம் இன்னும் ரோல் கெடைக்குதா சார்?" என்று கேட்டுக்கொண்டே டீயை ஆற்றினார், வாய்விட்டுச் சிரித்தார். கேமரா முன்னால் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. டிக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். எனக்கே ஆசை பற்றிக்கொண்டது. ஒரு மணி நேரம் பைத்தியம் மாதிரி சுற்றிச் சுற்றி எடுத்தேன். ஒரே ஒரு சங்கடம். கட்டத்துக்குள் சாமிதுரையின் இரண்டு மூக்கும் கிட்டே வந்தன, உரசின, ஒன்றாகவே இல்லை. குத்துமதிப்பாக அழுத்தினேன்.

குரும்பலூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால், பாதிக்கு மேல் மசமசவென்று இருக்கிறது. ஒன்றில் சாமிதுரையின் காது மட்டும் பளிச்சென்று இருக்க, முகம் கலங்கிக் கிடந்தது. இன்னொன்றில் அவருக்குப் பின்னால் தொங்கிய பிஸ்கட் பாக்கெட்டின் விலையைப் படிக்க முடிந்தது.

உடனே யூடியூபில் தேடினேன். வண்டியில் குலுங்கினால் இந்த வகைக் கேமராவின் உள்ளே இருக்கும் கண்ணாடி நகர்ந்துவிடும், பிறகு எவ்வளவு திருகினாலும் இரண்டு உருவமும் சரியாகச் சேராது என்று ஒருவன் விளக்கினான். லாரி ஓடி ஓடிக் குழி விழுந்த ரோட்டில், பெட்ரோல் டேங்க் மேல் பையை வைத்துக்கொண்டு பைக் ஓட்டியவன் நான். ஒரு கார் வாங்குகிற விலையில் இருக்கும் பொருளை ஒரே நாளில் கெடுத்துவிட்டேனே! லாரியைத் திட்டினேன், ரோட்டைத் திட்டினேன், தொட்டதற்கெல்லாம் கெட்டுப்போகிற சாமானைச் செய்தவனையும் திட்டினேன்.

நான்கு நாள் ஜாவித்தின் போனை எடுக்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. தினமும் எடுத்துப் பார்த்ததில், காலையில் கட்டத்துக்குள் இரண்டு உருவமும் கிட்டத்தட்டச் சேர்வது போல இருந்தது, மத்தியான வெயிலில் சுத்தமாகச் சேரவில்லை. கண்ணாடி நகர்ந்திருந்தால் எல்லா நேரமும்தானே நகர்ந்திருக்க வேண்டும்?

ஐந்தாம் நாள் என் மனைவி ஜோதி கேட்டுவிட்டாள். ஸ்டூடியோவில் ஆல்பம் டிசைன் செய்வது அவள்தான்.

"ஏன் இப்படி மொகத்தத் தொங்கப்போட்டுட்டு உக்காந்திருக்கீங்க? குடுங்க இப்படி."

சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துத் திருகினாள். "ஒண்ணாயிடுச்சே."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டுத்தாங்க சொல்றேன். பதினாலு. ஒரே ஒரு பதினாலு."

வாங்கிப் பார்த்தேன். இரண்டு பதினாலு. திருகாமல் அப்படியே அவளிடம் கொடுத்தேன். ஒன்று என்றாள். "பொய் சொல்றியா?" என்று கத்திவிட்டேன். காலண்டர் விஷயத்தில் அவள் எதற்குப் பொய் சொல்லப் போகிறாள்? அழுத்தி எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாள். காலண்டரின் கிழிந்த ஓரம்வரை தெளிவாக இருந்தது.

"ஏங்க, அந்தக் கண்ணால பாருங்க," என்றாள் மெதுவாக.

இருபத்திரண்டு வருடத்தில் இடது கண்ணை நான் கேமராவில் வைத்ததே இல்லை. வைத்தேன், மூக்கு இடித்தது. திருகினேன். இரண்டு பதினாலும் நகர்ந்து வந்து ஒன்றாக நின்றன. கேமராவைக் கீழே வைத்துவிட்டு, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கும் பதினாலு இரண்டாகத்தான் தெரிந்தது.

 எப்போதிலிருந்து இப்படி? எதிரே வரும் வண்டி விளக்கெல்லாம் சிதறித் தெரிகிறது என்று டிரைவர்களைத் திட்டியிருக்கிறேன். போன் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். என் பெரிய கேமரா தானாக ஃபோக்கஸ் ஆகிப் பீப் என்றதும் அழுத்தியிருக்கிறேன். அந்த முகங்கள் எனக்குத் தெளிவாகத் தெரிந்தனவா? போன மாதம் செய்த மூன்று கல்யாணத்தையும் எடுத்தது யார்? எனக்குப் பயமாக இருந்தது.

"யார்ட்டயும் சொல்லாத," என்றேன். "இதத் திருப்பிக் குடுத்துட்டு நம்ம கேமராவுலயே நிக்காஹ் எடுத்துடலாம். அதுல எடுத்தா யாருக்கும் தெரியாது."

"தெரியாதுதான்," என்றாள். ஆனால் போனை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

ஜாவித் ஒரே ரிங்கில் எடுத்தான். பாவம், நான்கு நாளாகத் தவித்திருக்கிறான். "கேமராவுல ஒண்ணும் இல்லப்பா. என் கண்ணுலதான் கோளாறு," என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"யா அல்லாஹ்! மொதல்ல கண்ணக் காட்டுங்கண்ணே. கேமரா கெடக்குது."

"நிக்காஹ்வுக்கு நாலு நாள்தான இருக்கு, நீ கவலப்படாத. என் கேமராவுல எடுத்துடறேன். அது தானா ஃபோக்கஸ் பண்ணிக்கும்."

"தானா பண்ணிக்கும்னா நீங்க ஏண்ணே செரமப்படணும்? வூட்டுல ரெஸ்ட் எடுங்க. உங்க கேமராவ மட்டும் குடுத்துவிடுங்க, எங்க மச்சான் யாராச்சும் அழுத்திடுவாங்க."

அவன் அன்பாகத்தான் சொன்னான். அதனால் கோபப்படவும் முடியவில்லை. இல்லை, அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் தானாகப் பண்ணிக்கும் என்று சொன்னதே நான்தான். போனை ஜோதியிடம் கொடுத்துவிட்டேன்.