குடிபோகும் முன் ஒரு வணக்கம்

ஜப்பானின் அந்த உணவுத் தொழிற்சாலையில் சோற்றுப் பெட்டிகள் ஓடும் பட்டையில் நகர்ந்து வந்துகொண்டிருந்தன. இந்திரமாயா ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு முள்ளங்கி ஊறுகாய் வைத்தாள். கைதான் இங்கே இருந்தது. மனசு வீட்டுத் தரகர் ஒகிதாவின் கடைக்குப் போய்விட்டது. நாளைக்குப் புது வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதிலாக முத்திரை குத்தவேண்டும். இன்றைக்கு எதற்கு அவசரமாகக் கூப்பிடுகிறார்?

"ரெண்டு துண்டு விழுது பாரு! இப்பவே புது வீட்டுக்குக் குடிபோயிட்டியாடி?" எதிரே நின்ற மரிசெல் கிண்டலடித்தாள்.

இந்திரமாயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் குடியிருக்கும் பழைய கட்டடத்தை மாதக் கடைசியில் இடிக்கப்போகிறார்கள். வாடகைக்கு வீடு தேடி அலையாத தெரு இல்லை. ஒகிதா அவர்களை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே வீட்டுக்காரர்களுக்குப் போன் போடுவார். "நேபாளக் குடும்பங்க. பதினாலு வருஷமா குன்மாவுலதான் இருக்காங்க, நம்ம பாஷை நல்லாப் பேசுவாங்க" என்பார். அப்புறம் முகம் சுருங்கிவிடும். வெளிநாட்டவர் வேண்டாமாம்.

கடைசியில் அவள் கணவன் தில்குமார்தான் சொன்னான். "வாடகைன்னாதான் மூஞ்சியப் பாப்பாங்க. விலைக்கு வாங்குறவன எவன் கேப்பான்?" வங்கி கடனுக்கு ஒத்துக்கொண்டது. மகளின் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய வீடும் அமைந்தது. அடுப்படி ஜன்னலுக்கு இந்திரமாயா திரைத்துணிகூட வாங்கிவிட்டாள்.

வேலை முடிந்து அவள் கடைக்குப் போனபோது தில்குமார் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். ஒகிதா தேநீரை நகர்த்தி வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை அந்தத் தெருவுக்குப் போயிருந்தீங்களா?"

"ஆமாங்க." இந்திரமாயாவின் முகம் மலர்ந்தது. "அக்கம்பக்கத்து வீடுங்களுக்கெல்லாம் சோப்புத்தூள் பொட்டலம் குடுத்து, வணக்கம் சொல்லிட்டு வந்தோம். உங்க வழக்கம்தானே? இவரு குடிபோனப்புறம் பாத்துக்கலாம்னாரு. நான்தான் மொதல்லயே நம்மளத் தெரிஞ்சுக்கட்டும்னு இழுத்துக்கிட்டுப் போனேன்."

"வழக்கம்தாம்மா. ஆனா குடிவந்தப்புறம் செய்யறது." ஒகிதா மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "முத்திரை விழுந்திருந்தா யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. அன்னிக்கே தெருக்காரங்க எல்லாரும் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிட்டாங்க. அவர் விக்கலைன்னுட்டார். பொறந்து வளந்த தெருவாம், அவங்களுக்குச் சங்கடம் குடுக்கக் கூடாதாம்."

இந்திரமாயா தேநீரைத் தள்ளிவைத்தாள்.

"சிரிச்சுக்கிட்டேதானே வாங்கிக்கிட்டாங்க! பக்கத்து வீட்டம்மா எங்க பொண்ணுக்கு ஆரஞ்சுப் பழமெல்லாம் குடுத்தாங்களே!"

"உங்களக் குறையா யாரும் சொல்லலம்மா. ரொம்ப மரியாதையான குடும்பம்னுதான் சொன்னாங்களாம்."

"அப்ப மாசக் கடைசியில நாங்க எங்கங்க போறது?" என்றான் தில்குமார். அவன் மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை. அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஒகிதா எழுந்தார். அவர்களும் எழவேண்டியதாயிற்று.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஒகிதா உள்ளே ஓடிப்போய் ஒரு குடையைக் கொண்டுவந்து இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"வச்சுக்கங்க. இதத் திருப்பிக் குடுக்க வரவேண்டாம்."

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை, கடை வாசலில் நனைந்தபடி, இடுப்பு வளையக் குனிந்தே நின்றார்.