நூர் பாஷா வீட்டு ஆடு

நூர் பாஷாவுக்குப் புல் பைத்தியம் பிடித்தது பெங்களூரில். அங்கே அண்ணன் அப்துல் ரஷீத் வீட்டு வாசலில் புல்தரை உண்டு. அதில் நாற்காலி போட்டு டீ குடித்துவிட்டு வந்த மனுஷன், பென்னாகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முடிவு கட்டிவிட்டார். தன் வீட்டு முன்னாலும் இனிமேல் புல்தான்.

வீட்டு முன்னால் இருந்ததோ வஹிதாவின் தோட்டம். கல்யாணமாகி வந்த வருஷம் கல்லும் முள்ளுமாகக் கிடந்த இடத்தை அவள்தான் கொத்தித் திருத்தினாள். ஒரு பக்கம் கத்தரியும் தக்காளியும், வேலியோரம் கனகாம்பரம், இன்னொரு பக்கம் அவரைப் பந்தல். பந்தலடியில் நின்றால் அவளுக்குப் பிறந்த வீட்டு ஞாபகம்கூட வராது. கத்தரியும் தக்காளியும் காய்த்து ஓய்ந்த சமயம் பார்த்து, அந்தப் பக்கத்தை நூர் பாஷா பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, புல்ல நட்டு யாரு திங்கறது?"

"திங்கறதுக்கா? பாக்கறதுக்கு! உனக்கு அழகுன்னா என்னன்னு தெரியுமா?"

அப்படியானால் கனகாம்பரம் என்னவாம்? வஹிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெங்களூர்ப் புல் இங்கே ஏது? பக்கத்து வீட்டு மாதுவின் வயல் வரப்பில் அருகம்புல் மண்டிக் கிடந்தது. ஊரே இடுப்பொடிய வெட்டி எறிகிற புல்லை ஜவுளிக்கடை முதலாளியான நூர் பாஷா கோணிப்பையில் அடைத்துக் கொண்டிருந்ததை மாது பார்த்துவிட்டான்.

"ஆட்டுக்குங்களா பாய்?"

நட்டு வளர்க்கப்போகிறேன் என்று ஒரு விவசாயியிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? "ஆமா மாது, ஆட்டுக்குத்தான்" என்றார் நூர் பாஷா. வீட்டில் ஆடே கிடையாது.

புல் நன்றாகவே பிடித்தது. பிடிக்காமல் என்ன, கிணற்றுத் தண்ணீரெல்லாம் அதற்குத்தான். அவரைக்குப் பாத்திரம் கழுவின தண்ணீர். துணி வெட்டுகிற கத்தரிக்கோலைக் கடையிலிருந்து கொண்டுவந்து, குந்திக்கொண்டு, புல்லுக்கு முடி வெட்டிவிட்டார். பிறகு ஒரு நாள் அறிவித்தார்:

"ஞாயித்துக்கிழமை பெங்களூர்லேர்ந்து பாய்ஜான் வர்றார். பாத்துட்டு நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், மறுநாளே பந்தலப் பிரிச்சிடறேன். அந்தப் பக்கமும் புல்லு!"

அவரைக் கொடியில் அப்போதுதான் கொத்துக் கொத்தாகக் காய் பிடித்திருந்தது. சண்டை போட்டால் சனிக்கிழமையே பிரித்துவிடுவார், அந்த மனுஷனின் வீம்பு அப்படி.

சனிக்கிழமை அவர் கடைக்குப் போனதும், மாதுவின் பெண்டாட்டி சின்னம்மாளைப் போய்க் கூப்பிட்டாள். "அக்கா, நாளைக்கு எங்க மூத்தாரு, அவரோட அண்ணன், பெங்களூர்லேர்ந்து வர்றாருங்க. அவரைக் கொடி சரிஞ்சு கெடக்குது. கட்டிவுட ஒரு கை குடுங்களேன்."

சின்னம்மாள் கொடிப் பக்கமே போகவில்லை. வாசலில் கால் வைத்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடி ஆத்தே! என்னாம்மா இது, அருகு இப்பிடி மண்டிக் கெடக்குது!"

வஹிதா தலையைக் குனிந்துகொண்டாள். "அவரு கடையே கதின்னு கெடக்கறாருக்கா. எனக்கு இடுப்பு வலி." முதலாவது உண்மை. இரண்டாவது கால்வாசி உண்மை.

"வெளியூரு மனுசங்க பாத்தா என்னா நெனப்பாங்க? பக்கத்து வூட்டுல நாங்க எதுக்கு இருக்கறோம்?" என்று போனவள், களைக்கொத்தோடும் நாத்தனார் மாதம்மாளோடும் திரும்பி வந்தாள். அருகைக் கண்டால் சும்மா இருக்கிற கையா அது? வேர் விடாமல் தோண்டி, மண்ணை உதறி, பந்தலடியில் குவித்துப் போட்டார்கள். வஹிதா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டீ மட்டும் போட்டுக் கொடுத்தாள்.

சாயங்காலம் வந்த நூர் பாஷாவின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் வாயைத் திறக்குமுன் சின்னம்மாள் மண் கையோடு எதிரே வந்தாள்.

"இனிமே கவலய வுடுங்க பாய். வேரோட எடுத்தாச்சு. ஒங்க ஆட்டுக்கு அங்க குமிச்சு வெச்சிருக்கறோம்."

"ரொம்ப... ரொம்ப சந்தோஷம்மா" என்றார் நூர் பாஷா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஆமா, ஆடு எங்கீங்க பாய்? கண்ணுலயே காணோம்?"

"மேய... மேயப் போயிருக்கு."

வஹிதா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

மறுநாள் அப்துல் ரஷீத் வந்தார். பென்னாகரத்து வெயிலுக்குப் பயந்து நேரே அவரைப் பந்தலடியில் போய் உட்கார்ந்தார். "என்னவோ காட்டறேன்னியே, எங்கடா?"

நூர் பாஷா பந்தலைக் காட்டினார். "இதத்தான், பாய்ஜான்."

அண்ணன் அண்ணாந்து பார்த்தார். "அடேயப்பா, என்ன காய்ப்பு! இத அப்படியே வெச்சிக்கோ." மத்தியானம் கறியில் போட்ட அவரைக்காயை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வஹிதாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே காலி இடத்தில் கத்தரி நாற்று நட்டாள்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். பந்தலடியில் குவித்த அருகைத் தின்ன ஆடு இல்லை. மழை பிடித்துக்கொண்டது. குவியல் வேர்விட்டு, பந்தலடி முழுக்கப் படர்ந்து, கத்தரிப் பாத்திக்குள்ளும் புகுந்தது. நூர் பாஷா அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியா வஹிதா? நான் நட்டது!"

வஹிதா வேலியோரம் ஓடினாள். "அக்கா, அருகு மறுபடி வந்துடுச்சுக்கா!"

"அதுக்கு ஏம்மா இத்தன பதட்டம்?" என்றாள் சின்னம்மாள் சாவகாசமாக. "அதான் ஒங்க வூட்டுல ஆடு இருக்குதே. அவுத்து வுடு."

வஹிதா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். புருஷன் வானத்தைப் பார்த்தார். இனி என்ன செய்வது? அடுத்த சந்தைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். ஒரு வெள்ளாட்டைப் பிடித்து வந்து, ஊர் பார்க்கட்டும் என்று வாசலில் அவிழ்த்துவிட்டார்கள்.

ஆடு ஒரே தாவு தாவிப் பந்தல் காலில் முன்னங்காலைப் போட்டு அவரைக் கொடியை இழுத்துச் சாய்த்தது. வஹிதா அலறிக்கொண்டு ஓடி வருவதற்குள் பாதிக் கொடி அதன் வாய்க்குள் போயிருந்தது. அருகம்புல் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.