அரிதாரம் பூசாத முகம்

சிங்காரவேலு விடிந்ததிலிருந்து மூன்று தடவை வாய்க்கால் பக்கம் போய்வந்துவிட்டான். பண்ணையார் சிவப்பிரகாசம் இன்று ஒத்திகை பார்க்க வருகிறாராம்.

பாகூரில் ஜூலை பதினாலு பிரெஞ்சு தேசிய விழாவுக்காகத் தங்கவேல் வாத்தியார் ஒரு பழைய பிரெஞ்சுக் கேலி நாடகத்தைத் தமிழாக்கியிருந்தார். அதில் கஞ்சக் கிழவன் வேஷம் சிங்காரவேலுவுக்கு. கூத்தில் பத்து வருஷம் கட்டியக்காரனாக நின்று ஊரைச் சிரிக்க வைத்தவனாயிற்றே, இதெல்லாம் எம்மாத்திரம் என்று ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டவன் சும்மா இருந்தானா? கிழவனுக்கு ஒரு நடை வேண்டுமே என்று பண்ணையாரின் நடையை எடுத்துக்கொண்டான். அவர் நாலடி நடப்பார், நிற்பார், எவனோ பின்னால் வருகிறான் என்பதுபோலத் திரும்பிப் பார்ப்பார், தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி நாலடி வைப்பார்.

கூத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. முகத்தில் அரிதாரம் இருக்கும்வரை கட்டியக்காரன் யாரை வேண்டுமானாலும் கிண்டல் பண்ணலாம். யாரும் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது. பண்ணையாரே அப்படிப் பல தடவை சிரித்துவிட்டு வேட்டி கொடுத்திருக்கிறார். இந்தப் பாவியோ நடை படியட்டும் என்று வரப்பிலும் தெருவிலும் வெறும் முகத்தோடு நடந்து பழகினான். களை எடுத்த பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பண்ணை வீட்டுச் சமையலறைவரை போய்விட்டது.

அவன் உழுவது பண்ணையாரின் நிலம். வாய்ச்சொல் குத்தகை. ஒரு வார்த்தையில் போய்விடும். கஞ்சி ஊற்றும்போதே மனைவி அமுதம் சொன்னாள்: "அந்த நடைய வுட்டுடுய்யா. நெலம் போச்சுன்னா இன்னா பண்ணுவோம்?"

வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் ஒத்திகை. பண்ணையார் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சிங்காரவேலு நடையை விட்டுவிட்டு, மரக்கட்டை மாதிரி நின்று வசனத்தை ஒப்பித்தான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எங்கடா அந்த நடை?" என்றார் பண்ணையார்.

எந்த நடை என்று இவன் முனகினான்.

"பயந்துபோய் விட்டுட்டியே, அதான். யாரோட நடைன்னு தெரியாமலா எடுத்தே? நட."

முகத்துக்குக் கொஞ்சம் வெள்ளையாவது பூசிக்கொள்கிறேன் என்று கெஞ்சினான். வேண்டாம் என்று அவர் கையை ஆட்டினார். பண்ணையாரை ஓரக்கண்ணால் பார்த்தபடி நாலடி நடந்தான், நின்றான், திரும்பிப் பார்த்தான், செருமினான். கண்றாவி, பயமே அந்த நடைக்கு உயிர் கொடுத்துவிட்டது. கொட்டகை முழுக்கச் சிரிப்பு. வாத்தியார்கூட வாயைப் பொத்திக்கொண்டார். பண்ணையாரும் சிரித்தார். முதலில் நிறுத்தியவரும் அவர்தான்.

எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார். நாலாவது அடியில் நின்றுவிட்டார். திரும்பப்போன கழுத்தைப் பிடித்து நிறுத்துவது எல்லாருக்கும் தெரிந்தது. தொண்டைக்கு வந்த செருமலை விழுங்கினார். முப்பது பேர் மூச்சு விடாமல் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த அடி அவருக்கு வரவேயில்லை.

"எல்லாரும் வெளிய போங்க," என்றார். "நான் அப்பறம் வரேன்."

சிங்காரவேலு வெளியே வந்தபோது அமுதம் வேலியோரம் காத்திருந்தாள்.

"நெலம் போச்சுடி," என்றான்.

"அவரு சொன்னாரா?"

"சொல்லல. அவரால நடக்க முடியல."