தலைவரின் தொண்டை

தலைவருக்குத் தொண்டை போய் மூன்று வருடம் ஆகிறது. மேடை மேடையாகக் கத்தியதில் போனது. இப்போதெல்லாம் கூட்டத்தில் இரண்டு வரி பேசிவிட்டுக் கையை ஆட்டிச் சமாளிப்பார். ஆனால் வீட்டுக்கு வீடு தொலைபேசியில் வரும் அவர் குரல் மட்டும் பழைய கம்பீரத்தோடு இருக்கும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் ஒலிப்பதிவுக் கூடத்துக் கண்ணாடி அறையில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தான். கூடத்தில் அவனுக்குச் 'சின்னத் தலைவர்' என்று பெயர். கிண்டல்தான், அவனுக்காக யாரும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

"இன்னொரு வாட்டி எடுத்துடலாம்," என்றார் ஒலிப்பதிவாளர். "கடைசியில அந்த மூச்சு வரல."

'நான் இருக்கேன்' என்பது தலைவரின் முழக்கம். அதைச் சொல்வதற்கு முன்னால், ஊர்க் கவலையெல்லாம் தன் நெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதுபோல ஒரு பெருமூச்சு விடுவார். வெள்ளம் வந்தாலும் நான் இருக்கேன், விலைவாசி ஏறினாலும் நான் இருக்கேன். காலையிலிருந்து அதையே சொல்லிச் சொல்லி அவனுக்கு வாழ்க்கையே அலுத்துப் போயிருந்தது. தலைவர் காரில் போகும்போது இவன் பதிவைக் கேட்டுத்தான் தன்னைப் போலப் பேசப் பழகுகிறார் என்று கூடத்தில் ஒரு பேச்சு. இருந்தாலும் இருக்கும்.

வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று ஒப்பந்தம். அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தான். அப்பாவைப் பொறுத்தவரை மகன் சோப்பு விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கிற உருப்படாத பயல்.

அப்பா அக்கா வீட்டில் இருந்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். சர்க்கரை முற்றி வலது காலில் இரண்டு விரல் கறுத்துவிட்டது. இந்த வாரமே வந்தால் விரலோடு போகும், தள்ளிப்போட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அப்பா மசியவில்லை.

அன்று சாயங்காலம் அவன் போய்க் கெஞ்சினான்.

"பிரேக் மிதிச்ச காலு. இதுல எவனும் கத்தி வைக்கக் கூடாது," என்றார். "சோப்பு விக்கிறவன் எனக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டான்." சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. போன வாரம் அவன் பேசிக் கொடுத்த பதிவு. அப்பா எழுந்து உட்கார்ந்து, "வணக்கம் தலைவரே," என்றார். குரல் நிற்கிற இடத்திலெல்லாம் "ஆமாங்க", "நல்லா சொன்னீங்க" என்று பதில் சொன்னார். பெற்ற மகனிடம் இத்தனை பணிவாக அவர் ஒரு நாளும் பேசியதில்லை. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, தன்மேலேயே.

அக்கா அவனைச் சமையலறைக்குள் இழுத்தாள். "நீ சொன்னா கேக்க மாட்டாரு. அவரு சொன்னா கேப்பாரு."

"அது தப்புக்கா."

"தப்புதான். காலு போனா மட்டும் சரியா?"

மொட்டை மாடிக்குப் போய், கூடத்தில் கொடுத்திருந்த தலைவர் அலுவலக எண்ணிலிருந்து கூப்பிட்டான். "பெரியவரே, உங்க உடம்பு விஷயம் என் காதுக்கு வந்தது..." அவன் தயார் செய்து வைத்திருந்ததில் பாதிகூடத் தேவைப்படவில்லை. அப்பா ஒத்துக்கொண்டுவிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் வாசல் காவலாளி முதல் நர்ஸ் வரை எல்லோரிடமும், தலைவரே போன் போட்டார் என்று சொல்லித் தீர்த்தார். நர்ஸ் அக்காவைத் தனியே கூப்பிட்டு, பெரியவருக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டாள்.

தள்ளுவண்டியில் ஏற்றியதும் அப்பாவின் முகம் வெளிறியது. பயம் என்று சொல்ல வாய் வரவில்லை. "தலைவர் ஒரு வார்த்தை பேசினா தெம்பா இருக்கும்," என்றார் அக்காவிடம். அக்கா தம்பியைப் பார்த்தாள்.

அவன் நடைவழி திரும்புகிற இடத்தில், குடிதண்ணீர்க் குழாயருகே போய் நின்று கூப்பிட்டான். "பெரியவரே, தைரியமா போயிட்டு வாங்க."

"போறேங்க. எனக்குன்னு ஒண்ணும் கேக்கல தலைவரே. எனக்கு ஒரு பையன் இருக்கான். நல்ல குரலு அவனுக்கு, சோப்பு சோப்புன்னு வீணாப் போறான். நேத்துகூட என் காலுக்காகக் கெஞ்சினான். நான்தான் மூஞ்சி குடுத்துப் பேசல. எனக்கு ஏதாவது ஆயிட்டா அவனைப் பாத்துக்கணும்."

'நான் இருக்கேன்' என்று சொல்ல வேண்டிய இடம் அது. மூச்சு மட்டும் தானாகவே வந்தது. தலைவரின் குரலைத் தேடினான், அகப்படவில்லை.

"தலைவரே? இருக்கீங்களா?"

"இருக்கேம்ப்பா," என்றான். அவனுடைய சொந்தக் குரல்தான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு பிரயோஜனமில்லை.

தள்ளுவண்டியின் சக்கரம் உருளத் தொடங்குவது போனிலும் கேட்டது, நடைவழியிலும் கேட்டது.

"சரிடா," என்றார் அப்பா. "எங்கயும் போயிடாத."