வாய்க்காலில் காத்திருந்த தண்ணீர்

அமைச்சர் பூத்தூவி வரவேற்க இன்னும் இரண்டு நாள் இருக்கும்போதே, குடவாசல் பக்கம் கொக்கடி வாய்க்காலுக்குக் காவிரித் தண்ணீர் வந்துவிட்டது. பந்தலுக்குக் குழிகூடத் தோண்டவில்லை. பொறியாளர் பதறிப்போய் வாய்க்காலில் இறங்கிக் கைகூப்பினார்.

"கொஞ்சம் பின்னால போய் நில்லுங்க. நீங்க இன்னும் வரலை."

தண்ணீருக்கு மரியாதை தெரியும். பத்தடி பின்வாங்கி, ஆள் உயரச் சுவராக நிமிர்ந்து நின்றது. உள்ளேயிருந்து கெண்டை மீன்கள் வெளியே எட்டிப் பார்த்தன. காலியாக ஒரு சுவர் நின்றால் நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? மறுநாளே அதன்மேல் அமைச்சரின் படத்தை ஒட்டிவிட்டார்கள்.

அவர் வந்தது ஐந்தாம் நாள். அதற்குள் கலைமகளின் குத்தகை நிலத்தில் நாற்றங்கால் வெடித்துவிட்டது. தண்ணீரைத் தானே கைப்பிடித்துக் கூட்டிவந்ததாக அமைச்சர் மைக்கில் ஒன்றரை மணி நேரம் பேசினார். கலைமகளுக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு தண்ணீரிடமே போனாள்.

"பள்ளத்தைக் கண்டா ஓடுறதுதானே தாயே உன் பழக்கம்? இவங்க சொன்னாங்கன்னு எதுக்கு நிக்கிறே?"

தண்ணீர் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"போன கார்த்திகையில யாரையும் கேக்காமத்தான் வந்தேன். இதே ஆளு, இதே மைக்கைப் பிடிச்சு, என்னை வெள்ளம்னு சொல்லிட்டாரு."